கீசர் சூடாகவில்லையா? முதலில் மீட்டரைப் பாருங்கள்

சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணீரே கை வைக்க முடியாமல் சுடும் ஊர் சமயநல்லூர். மாசி கழிந்ததும் அணைத்த கீசரை ஐப்பசி மழைக்குப் பிறகுதான் மறுபடி நினைக்கிறோம். இடையில் ஏழெட்டு மாதம் அது போர் தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டு சுவரில் தொங்குகிறது. பழுது எப்போது வந்தது என்பது யாருக்கும் தெரியாது; தெரியவருவது மார்கழி விடியலில்.

உடனே மெக்கானிக்குக்குப் போன். "அண்ணே, கீசர் ஓடல." இதை வைத்து அவரால் எந்தச் சாமானை எடுத்துவருவது என்று முடிவு செய்ய முடியாது. வந்து, கழற்றி, பார்த்து, மறுபடி டவுன்ஹால் ரோட்டுக் கடைகளுக்குப் போய் உதிரிப்பாகம் வாங்கி வர வேண்டும். கடிகாரம், மின்மீட்டர், ஒரு வாளி ஆகிய மூன்றையும் வைத்து, மூடியில் ஒரு திருகைக்கூடத் தொடாமல், பழுது எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் வீட்டுக்காரரே கண்டுபிடித்துவிடலாம். அதற்கான கணக்கு இது.

1. நல்ல கீசரின் கணக்கு

கெட்டது எது என்று சொல்ல, நல்லது எப்படி ஓடும் என்று தெரிய வேண்டும். பல வீடுகளில் இருக்கும் 15 லிட்டர், 2,000 வாட் கீசரை எடுத்துக்கொள்வோம்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.186 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல். மார்கழியில் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி, கீசரில் வைத்த அளவு 60 டிகிரி என்றால்:

- ஏற வேண்டிய சூடு: 35 டிகிரி
- தேவை: 15 × 35 × 4.186 ÷ 3,600 = 0.61 யூனிட்
- 2,000 வாட்டில் ஆகும் நேரம்: சுமார் 18 நிமிடம்
- இழுக்கும் கரண்ட்: 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர்
- காயிலின் மின்தடை: சுமார் 26 ஓம்

இந்த ஐந்து எண்ணில் 18 நிமிடத்தை மட்டும் மனதில் வைத்தால் போதும். சுவிட்சைப் போட்டு அரை மணி கழித்தும் பச்சைத் தண்ணீர் வந்தால் ஏதோ ஒன்று நின்றிருக்கிறது. அரை மணியில் சூடாகி, 18 நிமிடத்தில் ஆகவில்லை என்றால் அது வேறு கதை.

2. மீட்டரின் நாடி

மின்வாரியம் பொருத்தியிருக்கும் மின்னணு மீட்டரில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று துடித்துக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். வீட்டு மீட்டர்களில் 3,200 என்ற எண் அதிகம் தென்படும். உங்களுடையதில் 1,600 அல்லது 6,400 இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஃபிரிட்ஜ், மோட்டார், மின்விசிறி, இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கீசரை மட்டும் போடுங்கள். இன்வெர்ட்டரை மறந்தால் பேட்டரி சார்ஜ் ஏறுவதும் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு 20 துடிப்புக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். கண்ணுக்கு வேகமாக இருந்தால் கைபேசியில் வீடியோ எடுத்து நிதானமாக எண்ணலாம்.

3,200 மீட்டருக்குச் சூத்திரம் எளிது: 22,500-ஐ வினாடியால் வகுத்தால் வாட். (1,600 மீட்டருக்கு 45,000, 6,400 மீட்டருக்கு 11,250.)

- 11 வினாடி: சுமார் 2,000 வாட். காயில், வயரிங், மின்னழுத்தம் மூன்றும் நலம்.
- 15 வினாடி: 1,500 வாட். காயில் நலம், மின்னழுத்தம் குறைவு.
- 18 வினாடி: 1,250 வாட். மின்னழுத்தம் 180 பக்கம் இறங்கியிருக்கிறது.
- துடிப்பே இல்லை: கீசருக்குள் கரண்ட் ஓடவில்லை.

எத்தனை நிமிடம் துடித்த பிறகு நிற்கிறது என்பதும் முக்கியம். 18 நிமிடம் ஓடி நின்றால் தெர்மோஸ்டாட் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஐந்தே நிமிடத்தில் நின்றால் தண்ணீரில் ஏறியிருப்பது ஒன்பதரை டிகிரிதான். தண்ணீர் 35 டிகிரிகூட ஆகாதபோதே 60 ஆகிவிட்டது என்று தெர்மோஸ்டாட் ஏமாந்திருக்கிறது. நாற்பது நிமிடம் கடந்தும் மின்னழுத்தம் சரியாக இருந்து துடிப்பு நிற்கவில்லை என்றால், உடனே அணைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்கு மேல் காவலுக்கு இருப்பவை கட்-அவுட்டும் அழுத்த வால்வும் மட்டுமே.

3. மின்னழுத்தம்: 18 நிமிடம் 30 ஆவது எப்படி

காயிலின் சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் வோல்ட் கொஞ்சம் இறங்கினால் வாட் நிறைய இறங்கும்.

- 230 வோல்ட்: 2,000 வாட், 18 நிமிடம்
- 220 வோல்ட்: 1,830 வாட், 20 நிமிடம்
- 200 வோல்ட்: 1,512 வாட், 24 நிமிடம்
- 180 வோல்ட்: 1,225 வாட், 30 நிமிடம்

மார்கழி காலை ஆறு முதல் ஏழரை வரை தெரு முழுக்கக் கீசர் ஓடும். தெருமுனையில் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் இருந்தால், 2,000 வாட் கீசர்கள் ஐம்பதுதான் அதன் முழுச் சுமை. மோட்டாரும் கிரைண்டரும் அதற்கு மேல். இந்த ஊருக்கு மின்சாரம் புதிதல்ல. 106 மெகாவாட் திறனுள்ள எண்ணெய் மின்நிலையம் 2001-இல் சமயநல்லூரில்தான் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த முழுத் திறனையும் கீசராகக் கணக்கிட்டால் 53,000 கீசர். ஆனால் பக்கத்தில் மின்நிலையம் அமைந்ததால் நம் தெருவில் வோல்ட் கூடிவிடாது. கடைசி அரைக் கிலோமீட்டர்க் கம்பியும் டிரான்ஸ்பார்மரும்தான் அதை முடிவு செய்கின்றன. பக்கத்து வீட்டிலும் 15 வினாடியே வந்தால் மெக்கானிக்கை விட்டுவிட்டு மின்வாரிய அலுவலகத்தில் புகார் எழுதுங்கள். அதுவரை ஐந்தரைக்கே போட்டுவிடுவது செலவில்லாத மருந்து.

4. துடிப்பே இல்லை என்றால்

சல்லிக்காசு செலவில்லாதவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் எம்.சி.பி. கீழே விழுந்திருந்தால் ஒருமுறை மேலே ஏற்றிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் இரண்டாம் முறை முயல வேண்டாம். காயிலின் உறை விரிசல் விட்டுத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே விழும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருந்து, அது விழுகிறது என்றால் சந்தேகம் ஏறத்தாழ உறுதி. அது இல்லாத வீட்டில், குழாயைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் கீசரை அணைத்தே வையுங்கள்.

இரண்டாவது, 16 ஆம்பியர் பவர் பிளக். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு உருவிப் பாருங்கள். முள் கறுத்திருந்தால், சாக்கெட் ஓரம் உருகியிருந்தால் விஷயம் அங்கேதான். தளர்ந்த இணைப்பில் ஒரே ஒரு ஓம் தடை கூடினால் போதும், அந்த இடத்தில் மட்டும் 70 வாட் சூடு பிறக்கிறது. பழைய குண்டு பல்பின் அளவு சூட்டைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அரை மணி வைத்ததற்குச் சமம் அது.

மூன்றாவது, கட்-அவுட். தண்ணீர் வரம்பு மீறிச் சூடாகும்போது விழும் பாதுகாப்பு இது. பல மாடல்களில் மூடிக்குள் ஒரு சிறு பொத்தானை அழுத்தினால் உயிர் வந்துவிடும். ஆனால் அது காரணமில்லாமல் விழாது. பொத்தானை அழுத்திவிட்டு மெக்கானிக் கிளம்பினால், ஏன் விழுந்தது என்று கேளுங்கள். தெர்மோஸ்டாட் ஒட்டியிருக்கலாம், தொட்டியில் தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கலாம், காயிலில் உப்பு கட்டியிருக்கலாம்.

நான்காவது, காயில். இதை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். எம்.சி.பி.யை இறக்கி, வயரைக் கழற்றி, மல்டிமீட்டரின் இரு முனைகளை வைத்தால் 26 ஓம் பக்கம் காட்ட வேண்டும். 3,000 வாட் காயிலுக்கு 18 ஓம் பக்கம். எண்ணே வராவிட்டால் காயில் அறுந்துவிட்டது. 26 ஓம் காட்டும் காயிலை "போச்சு" என்று சொன்னால் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆனால் காயில் முனைக்கும் தொட்டி உடம்புக்கும் இடையிலும் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கே எண் காட்டினால் கசிவு, அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும்.

5. பழுதே இல்லாத பழுது

மீட்டர் 11 வினாடி காட்டுகிறது, 18 நிமிடத்தில் நிற்கிறது, ஆனாலும் மூன்றாவதாகக் குளிக்கப் போகிறவர் நடுங்குகிறார். இங்கே குற்றவாளி கூட்டல் கழித்தல்தான். 60 டிகிரியில் உள்ள 15 லிட்டரை 25 டிகிரித் தண்ணீரோடு கலந்தால், குளிக்க இதமான 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும். அதாவது 20 லிட்டர் வாளியில் ஒன்றே முக்கால். நால்வருக்கு நாலு வாளி என்றால் 60 டிகிரித் தண்ணீர் 34 லிட்டர் வேண்டும். தொட்டி இரண்டேகால் முறைக்கு மேல் நிறைந்து சூடாக வேண்டும். இருவர் குளித்ததும் 18 நிமிட இடைவெளி விட்டால் போதும்.

உடனடிச் சூடு தரும் 3 லிட்டர், 3,000 வாட் கீசருக்கும் இதே வரம்பு உண்டு. 15 டிகிரி ஏற்றிக்கொடுக்க அதனால் நிமிடத்துக்கு 2.9 லிட்டர்தான் முடியும். ஒரு வாளி நிறைய ஏழு நிமிடம். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு "சூடே இல்லை" என்றால் கீசர் என்ன செய்யும்?

இன்னும் இரண்டு. பச்சைத் தண்ணீர் உள்ளே வந்தால்தான் வெந்நீர் வெளியே போகும். உள்வரும் வால்வு பாதி மூடியிருந்தால் வெந்நீர் நூலாக வரும். மிக்ஸர் குழாயில் கைஷவர் திறந்தே கிடந்தால் பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்து கலந்துவிடும். இரண்டுக்கும் செலவு சுழி.

6. உப்பின் எடை

போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் கதை உப்பில் வந்து முடியும். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. உங்கள் போர் 600 என்று வைத்துக்கொள்வோம்.

- ஒரு நாளில் கீசருக்குள் போகும் தண்ணீர்: 34 லிட்டர்
- கார்த்திகை முதல் மாசி வரை 120 நாளில்: சுமார் 4,100 லிட்டர்
- அதில் கரைந்து போகும் சுண்ணாம்புக் கணக்கு: சுமார் 2.5 கிலோ
- அதில் நூற்றுக்கு 5 மட்டும் படிந்தால்: 120 கிராமுக்கு மேல்

ஒரு குளிர்காலத்துக்கு இது. கரைக்க எவ்வளவு சிட்ரிக் ஆசிட் வேண்டும் என்றால், 100 கிராம் சுண்ணாம்புக்கு 128 கிராம். 120 கிராமுக்கு 155 கிராம் பக்கம். கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டை ஊற்றினால் உப்போடு காயிலின் உறையும் கரையும்.

உப்பு கட்டினால் கரண்ட் பில் எகிறும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். விறகு பாய்லரிலும் கேஸ் கீசரிலும் அது சரி. உப்பு தடுத்த சூடு புகையோடு போய்விடும். மின்கீசரில் காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது. பிறந்த சூட்டுக்குத் தண்ணீரை விட்டால் வேறு போக்கிடமில்லை. உப்பு படிந்தாலும் 0.61 யூனிட் 0.61-தான். நஷ்டம் வேறு இடத்தில்: சூட்டை வெளியே தள்ள முடியாமல் காயில் உள்ளுக்குள் வெந்து சீக்கிரம் அறுகிறது, தெர்மோஸ்டாட் குழலைச் சுற்றி உப்பு கட்டினால் அது முன்கூட்டியே நிறுத்துகிறது, தொட்டியின் கொள்ளளவும் குறைகிறது. அதனால் உப்புக்குக் கரண்ட் பில்லில் சாட்சி தேடாதீர்கள். உதிரிப்பாகப் பில்லில் இருக்கிறது.

தொட்டிக்குள் மெக்னீசியம் கம்பி ஒன்று உண்டு. தொட்டி அரிக்காமல் இருக்க அது தன்னை அரித்துக்கொடுக்கும். அது தீர்ந்த பிறகு தொட்டியின் முறை.

7. பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

கீழே உள்ள விலைகள் கணக்குக்காக எடுத்தவை. பிராண்டும் கடையும் மாறினால் மாறும். உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

- மெக்கானிக் வருகை: 400 ரூபாய்
- காயில்: 700
- தெர்மோஸ்டாட்: 450
- மெக்னீசியம் கம்பி: 350
- கேஸ்கட்: 100

எல்லாமே மாற்றினாலும் 2,000 ரூபாய். புதிய 15 லிட்டர் கீசர் 8,000, மாட்டும் கூலி 600 என்றால் 8,600. தொட்டி ஒழுகாத வரை பழுது பார்ப்பதே லாபம். தொட்டியே ஒழுகினால் ஒரு ரூபாயும் போடாமல் புதிது வாங்குங்கள். அதற்கு முன் உத்தரவாத அட்டையைத் தேடுங்கள்: பல பிராண்டுகள் தொட்டிக்கு 5 அல்லது 7 ஆண்டு கொடுக்கின்றன. வெளியாள் திறந்துவிட்டால் அந்த உரிமை போய்விடலாம்.

அடுத்த கேள்வி, வருடந்தோறும் கழுவிக் கம்பி மாற்றுவது கட்டுமா? ஒருமுறை செலவு 400 + 350 + 100 = 850. ஒன்றும் செய்யாத கீசர் 5 ஆண்டும், கவனித்த கீசர் 9 ஆண்டும் உழைக்கும் என்று வைப்போம்.

- கவனிக்காமல் விட்டால்: 8,600 ÷ 5 = ஆண்டுக்கு 1,720
- ஆண்டுதோறும் கவனித்தால்: 956 + 850 = 1,806
- இரண்டாண்டுக்கு ஒருமுறை என்றால்: 956 + 425 = 1,381
- ஆண்டுதோறும், ஆனால் நான்கு வீடு சேர்ந்து ஒரே வருகைக் கூலியைப் பகிர்ந்தால்: 956 + 550 = 1,506

ஆண்டு ஒப்பந்தம் விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. கடினமான தண்ணீரில்கூட, தனி வீடாக ஆண்டுக்கு ஒருமுறை என்பது பணத்தைத் தின்றுவிடுகிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை 339 ரூபாய் மிச்சம். அடிக்கடி காயில் அறுகிற வீடு மட்டும் விதிவிலக்கு.

8. மின்கட்டணத்தில் ஒரு படிக்கட்டு

நால்வருக்கு நாலு வாளி, 25-லிருந்து 40 டிகிரிக்கு: நாளுக்கு 1.4 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 84 யூனிட். 2024 ஜூலை கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் உள்ள வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100 தலா 2.35, 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 500 வரை 6.30. ஆக வெந்நீரின் விலை, அது எந்தப் படியில் விழுகிறது என்பதைப் பொறுத்து, இரண்டு மாதத்துக்கு 395 அல்லது 529 ரூபாய்.

அணைக்காமலே விட்டால்? பெட்டியில் ஒட்டிய நட்சத்திர அட்டையில், 45 டிகிரி வித்தியாசத்தில் 24 மணி நேரத்துக்கு எவ்வளவு யூனிட் வீணாகும் என்று எழுதியிருக்கும். அது 0.5 என்றால், நம் குளியலறையில் வித்தியாசம் 30 டிகிரிதான், நாளுக்கு 0.33, இரண்டு மாதத்தில் 20 யூனிட். 4.70 வீதம் 94 ரூபாய். பயப்படும் அளவுக்கு இல்லை, ஒரே ஓர் இடத்தைத் தவிர. 500 யூனிட்டைத் தாண்டினால் 2.35 விகிதமே பறிபோகிறது, 101-லிருந்தே 4.70, 500-க்கு மேல் 8.40.

- 490 யூனிட்: 1,742 ரூபாய்
- 510 யூனிட்: 2,124 ரூபாய்

அந்த 20 யூனிட்டுக்கு 382 ரூபாய். யூனிட் 19 ரூபாய் பத்துக் காசு. 480 பக்கம் நிற்கும் வீட்டில் சுவிட்சை அணைப்பது முக்கியம்; 300-இல் நிற்கும் வீட்டில் அவ்வளவு இல்லை. இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் மட்டும், மிச்சத்தைப் பாராமல் முதல் தடவை 60 டிகிரி வரை ஏற விடுங்கள். வெதுவெதுப்பில் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும். 60 டிகிரியில் பிழைக்காது.

9. மெக்கானிக் வரும் வரை

அதே 84 யூனிட் சூட்டை வேறு வழியில் பெற்றால்:

- கேஸ் அடுப்பு: 14.2 கிலோ சிலிண்டரில் தண்ணீரைச் சேரும் சூடு 117 யூனிட்டுக்குச் சமம். சிலிண்டர் 900 ரூபாய் என்றால் 646 ரூபாய்
- விறகு பாய்லர்: கிலோவுக்கு 1.2 யூனிட் தண்ணீரைச் சேர்ந்தால் 70 கிலோ. கிலோ 8 ரூபாய் என்றால் 560
- வாளியில் போடும் 1,500 வாட் ராடு: ஒரு வாளிக்கு 14 நிமிடம், செலவு கீசர் அளவே

பணத்தில் பெரிய வித்தியாசமில்லை, உயிரில் உண்டு. ராடு போட்ட வாளித் தண்ணீரை விரல் வைத்துப் பார்க்கும் முன் பிளக்கை உருவுங்கள். பரணில் செம்புப் பாய்லரும் தோட்டத்தில் தென்னை மட்டையும் இருக்கிற வீட்டுக்கு இந்தப் பட்டியலே தேவையில்லை.

10. போனில் சொல்ல வேண்டியது

வாட், பிராண்டு, வாங்கிய ஆண்டு, 20 துடிப்புக்கு ஆன வினாடி, துடிப்பு நின்ற நிமிடம். "அண்ணே, 15 லிட்டர், ரெண்டாயிரம் வாட். எம்.சி.பி. நல்லாருக்கு, பிளக்கும் கறுக்கல, ஆனா மீட்டர்ல துடிப்பே இல்ல" என்றால் அவர் காயிலும் கட்-அவுட்டும் கொண்டுவருவார். "அஞ்சு நிமிசத்துல நின்னுருது" என்றால் தெர்மோஸ்டாட்டும் சிட்ரிக் ஆசிட்டும். "பதினஞ்சு வினாடி ஆகுது, பக்கத்து வீட்லயும் அப்படித்தான்" என்றால், வர வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுவார். அந்த 400 ரூபாய் உங்கள் பையிலேயே இருக்கும்.